அண்ணனிடம் ஒரு வார்த்தை

மாடியில் தம்பி குடும்பம், கீழே அண்ணன் குடும்பம். இரண்டுக்கும் ஒரே கேட், ஒரே தண்ணீர்த் தொட்டி, பின்பக்கம் துணி காயப்போட ஒரே கொடி. அப்பா கட்டிய வீடு. அதில் எல்லாமே பொது, பேச்சைத் தவிர. அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

அண்ணிக்கும் தம்பி மனைவிக்கும் இந்தத் தடை இல்லை. கொடியில் ஆளுக்கொரு பக்கம் நின்று துணியை உதறிக்கொண்டே ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுவார்கள். "அவங்க ரெண்டு பேரும் வாயைத் தச்சுக்கிட்டா நாமளும் தச்சுக்கணுமா?" என்பாள் அண்ணி. தம்பியின் மகள் கல்லூரியில் படிக்கிறவள். காலைச் சாப்பாடு மாடியில் என்றால் சாயங்கால டீ பெரியப்பா வீட்டில். "எனக்கு ரெண்டு நாட்டு பாஸ்போர்ட் இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். டிரைவிங் ஸ்கூலில் எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். நாற்பது வயதில் முதல்முறையாக ஸ்டீயரிங்கைத் தொட்டு வியர்த்துப்போகிறவர்கள், பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்கள், எதிரே ஆடு வந்தாலும் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் எல்லாரும் அவனிடம்தான் வருவார்கள். காருக்குள் அவன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "பரவாயில்ல, மறுபடியும் ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்வதற்கு அவனுக்குச் சலிப்பே வராது. ஆனால் இருந்த பொறுமையெல்லாம் காரிலேயே தீர்ந்துபோகும். வீட்டுக்கு வரும்போது கேட்டை அடித்துச் சாத்துவான், படியில் தடதடவென்று ஏறுவான், ரேடியோவைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைப்பான்.

அண்ணன் எட்டு வயது மூத்தவர். வேலையில் இருந்த காலத்தில் பெரிய பேக்கரி ஒன்றில் அடுப்பு வேலை, முழுக்க ராத்திரி ஷிப்ட். விடிந்த பிறகு சூடான ரொட்டிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வருவார். ஒன்று மாடிக்கு, ஒன்று கீழ்வீட்டுக்கு. கொடுத்துவிட்டுப் படுத்தாரென்றால் சாயங்காலம்தான் கண்ணைத் திறப்பார்.

பேச்சு நின்றதும் அந்தத் தூக்கத்தால்தான். அப்பாவுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று கடைசிக் காலத்தில் மாடி அறையில் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் அவருக்கு மூச்சு வாங்கியது. அதற்கு முன்னாலும் பலமுறை வாங்கியிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கியிருக்கிறது. "அண்ணனைக் கூப்பிடட்டுமா?" என்று தம்பி கேட்டான். அப்பா கையை அசைத்து, "வேண்டாம்டா, ராத்திரி பூரா அடுப்புல நின்னுட்டு வந்து படுத்திருக்கான். எழுப்பாதே" என்றார். தம்பி எழுப்பவில்லை. டாக்டருக்குப் போன் செய்துவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் கீழே போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினான். அண்ணன் தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டார். தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், "இப்ப வந்து எழுப்பறியா?" என்றார்.

அதுதான் கடைசிப் பேச்சு. காரியங்கள் எல்லாம் சேர்ந்துதான் நடந்தன, பேசாமல். வந்தவர்கள் போனார்கள். ஒரு மாதம் போனது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. படியில் எதிரெதிரே வந்தால் ஒருவர் செருப்பைச் சரிசெய்வார், இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி ஹாலில் படுத்திருந்தான். கீழேயிருந்து இருமல் கேட்டது. மூன்று சின்ன இருமல், பிறகு ஒரு நீளமான செருமல். அரைத்தூக்கத்தில் இருந்தவன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். அப்பாவின் இருமல் அப்படித்தான் இருக்கும். அது அப்பா இல்லை, அண்ணன் என்று புத்திக்கு எட்டுவதற்கு ஒரு நிமிஷம் ஆனது. அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றே இரண்டு வருஷமாகிறது என்பதும், அவருக்கும் வயசாகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பேசிவிட வேண்டும் என்று நினைத்தான். அவ்வளவுதான். சத்தியமும் சபதமும் எதுவும் இல்லை. எப்படியாவது அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும்.

நினைத்த மாத்திரத்தில் படியிறங்கிப் போய்ப் பேசுகிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை. என்ன பேசுவது என்பதிலேயே அவன் மாட்டிக்கொண்டான். 'சாப்பிட்டீங்களா?' ஏழு வருஷம் சாப்பிடாமலா இருந்தார்? 'எப்படி இருக்கீங்க?' கீழ்வீட்டு மனிதரிடம் ரயிலில் வந்து இறங்கியவன் மாதிரி கேட்பதா? 'தப்பு பண்ணிட்டேன்' என்று ஆரம்பித்தால் நடுவில் அழுகை வந்துவிடும், அது அவனுக்கு நன்றாகத் தெரியும். காரில் போகும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தான். ஒரு சிக்னலில் தன்னை மறந்து, "அண்ணா, உடம்பு எப்படி இருக்கு?" என்று சத்தமாகச் சொல்லிவிட்டான். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர், "நல்லாருக்கேன் மாஸ்டர், கிளட்ச் மிதிக்கும்போதுதான் முட்டி வலிக்குது" என்றார்.

சரி, வார்த்தை அகப்படும்போது அகப்படட்டும், முதலில் அவர் இருக்கும் இடத்தில் நாமும் இருக்கப் பழகுவோம் என்று முடிவு செய்தான். அண்ணன் காலையில் சீக்கிரம் எழுந்து வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். அதனால் தம்பியும் சீக்கிரம் எழ ஆரம்பித்தான். கேட்டை அடித்துச் சாத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்து எப்படிப் பேசுவது? கீலுக்கு எண்ணெய் போட்டான், பூப்போல மூடினான். தடதடவென்று ஏறி அவர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு எப்படிப் பேசுவது? செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினான். ரேடியோவின் குரல் இறங்கியது. அண்ணன் வீட்டு ஜன்னலுக்கு எதிரே காரை நிறுத்திப் புகைவிடுவதை விட்டுத் தெருமுனையில் நிறுத்தினான். மாடி விளிம்பில் நின்று சிகரெட் பிடித்தால் சாம்பல் கீழே அண்ணியின் செடிகளில்தான் விழும். சிகரெட்டும் குறைந்தது. ஒரு நாள் அண்ணன் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் ஏறி நின்று பல்பை மாற்றுவதைப் பார்த்தான். கைப்பிடி ஆடியது. மறுநாளே வெல்டிங் ஆளை வரச்சொன்னான்.

ஒவ்வொரு காலையும் படியிறங்கும்போது நாக்கு நுனியில் ஒரு வார்த்தை தயாராக இருக்கும். நாற்காலியைத் தாண்டும்போது அதை அப்படியே மென்று முழுங்கிவிட்டுக் கேட்டைத் திறப்பான். 'நாளைக்கு' என்று நினைத்துக்கொள்வான்.

வீட்டில் இந்த மாற்றம் பயத்தைக் கிளப்பியது. காலையில் தானே எழுந்து டீ போடுகிற புருஷனை அவன் மனைவி இருபத்திரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை.

"என்கிட்ட மறைக்காதீங்க. டாக்டர் கிட்டப் போனீங்களா?"

"எதுக்கு?"

"சிகரெட்டைக் குறைச்சிட்டீங்க, சத்தம் போடறதில்ல, பூனை மாதிரி நடக்கறீங்க. நேத்து என் சேலையை மடிச்சு வெச்சிருக்கீங்க. என்ன வியாதின்னு சொல்லிடுங்க, தாங்கிக்கறேன்."

வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னான். அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். பிறகு சிரித்தாள். "உங்க அண்ணன்கிட்டப் பேசணும்னா பேசிட்டு வரவேண்டியதுதானே? கல்யாண ஏற்பாடு மாதிரி இவ்வளவு முஸ்தீபு எதுக்கு?"

"உனக்குத் தெரியாது. வாய் வரைக்கும் வருது. அவர் முகத்தைப் பார்த்தா உள்ள போயிடுது."

"நான் வேணா அக்காகிட்டச் சொல்லி..."

"வேண்டாம்! நீ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. நானேதான் பேசணும்."

அவள் சத்தியம் செய்து கொடுத்தாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

கீழே அண்ணன் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். வேலை இல்லாத மனிதருக்கு நாள் நீளம். கண்ணும் காதும் மட்டும் சுறுசுறுப்பு. முதலில் கேட் சத்தம் நின்றது. அப்புறம் காலடிச் சத்தம் நின்றது. ரேடியோ நின்றது. கார் வாசலில் நிற்பதில்லை. ஒரு நாள் வெல்டிங் ஆள் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து படியை அளந்தான். போகிற போக்கில் சுவரைத் தட்டிப் பார்த்து, "கெட்டியான வீடு. கட்டி எத்தனை வருஷம் ஆச்சும்மா?" என்று அண்ணியிடம் கேட்டுவிட்டுப் போனான். அடுத்த வாரம் கைப்பிடி பளபளவென்று நின்றது. அதற்கடுத்த வாரம் தம்பி கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தான்.

"இவன் மாடியை விக்கப் போறான்" என்றார் அண்ணன் தன் மனைவியிடம்.

"சும்மா இருங்க. பெயிண்ட் அடிச்சா விக்கறதா?"

"ஏழு வருஷமா ஒரு ஆணியைக்கூட அடிக்காதவன். ஆதாயமில்லாம எவனாவது ஆத்தோட போவானா? மினுக்கி வெச்சு ஆளைக் கூட்டிட்டு வரப்போறான் பாரு." கொஞ்ச நேரம் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேல சத்தமே இல்ல. காலி பண்ணின வீடு மாதிரி இருக்கு. மனசளவுல அவன் எப்பவோ போயிட்டான்."

அண்ணிக்கு அவர் குரல் என்னவோ செய்தது. அடுத்த நாள் கொடியருகே நின்று மெதுவாக ஆரம்பித்தாள். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் ஏதாவது பெருசா யோசனை பண்றாரா?"

தம்பி மனைவிக்குப் பொய் சொல்ல வராது. கையிலிருந்த சட்டையை இரண்டு முறை உதறினாள். "யோசனையா? அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சாலும் என்னைக் கேக்காதீங்கக்கா."

இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அண்ணி உள்ளே போய் அப்படியே சொன்னாள். அண்ணன் தலையாட்டிக்கொண்டார். "நான் சொல்லலே? நாளைக்கு யாரோ ஒருத்தன் என் தலைமேல நடப்பான். அவன் யாரு என்னன்னுகூட நமக்குத் தெரியாது."

அவரும் தன் பங்குக்குக் காரியத்தில் இறங்கினார். பின்பக்கம் கிடந்த உடைந்த கழுவுதொட்டியை இழுத்துவந்து வாசல் ஓரத்தில் வைத்தார். இறுகிப்போன பழைய சிமெண்ட் மூட்டைகளையும் அதன் மேல் அடுக்கினார். புதுக் கைப்பிடியில் ஈரத்துணியைக் காயப்போட்டார். வீட்டைப் பார்க்க வருகிறவன் கண்ணுக்கு முதலில் இதெல்லாம் படட்டும் என்று கணக்கு. தம்பி அந்த உடைந்த தொட்டியையும் மூட்டைகளையும் பார்த்தான். அண்ணனுக்கு வேண்டாத சாமான் போலிருக்கிறது, தூக்கிப்போட முடியாமல் வைத்திருக்கிறார் என்று நினைத்தான். சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்த் தெருக்கோடிக் குப்பைமேட்டில் போட்டுவிட்டு வந்தான். அண்ணன் பல்லைக் கடித்தார். "பாரு, இடத்தைச் சுத்தம் பண்றான்!"

மகள்தான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் தவித்தாள். மாடியில் அப்பா சன்னியாசி மாதிரி நடமாடுகிறார். கீழே பெரியப்பா கோட்டைக் காவல்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். "இந்த வீட்டுல யாருக்காவது எதையாவது நேரா பேசத் தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மருந்துக்கடைக்காரர் வந்தார். லைசென்ஸ் பரீட்சை நெருங்கியதால் மாஸ்டர் அவரை விடுமுறையிலும் வரச்சொல்லியிருந்தார். வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. புதுப் பெயிண்ட் அடித்த கேட்டைத் திறந்து உள்ளே வந்தவர், நாற்காலியில் இருந்த பெரியவரைப் பார்த்து, "மாடிதானே?" என்று கேட்டார்.

அண்ணனுக்கு இதுபோதும். "மாடிதான். பார்க்க வந்தீங்களா?"

"ஆமாங்க. மாஸ்டர் வரச்சொன்னார்."

"போய்ப் பாருங்க. ஆனா நல்ல மனுஷனா தெரியறீங்க, அதனால சொல்றேன். மேல பாத்ரூம் ஒழுகுது. சுவரெல்லாம் ஓதம். மழை வந்தா ராத்திரி பாத்திரம் வெச்சுப் பிடிக்கணும். தண்ணித் தொட்டி பொது. கீழ இருக்கறவன் சண்டைக்காரன்."

"கீழ யார் இருக்கா?"

"நான்தான்."

மருந்துக்கடைக்காரர் ஒன்றும் புரியாமல் மாடிப்படியைப் பார்த்தார். அங்கே தம்பி வெறுங்காலோடு பாதிப் படியில் நின்றிருந்தான். எல்லாம் காதில் விழுந்திருந்தது. எத்தனையோ நாளாகத் தயார் செய்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ, முகம் சிவந்துவிட்டது.

"சார், அவர்கிட்டக் கேளுங்க," என்றான் மருந்துக்கடைக்காரரைப் பார்த்து. "எங்க பாத்ரூம் எங்க ஒழுகுதுன்னு கேளுங்க."

"நீங்களே சொல்லுங்க சார் அவன்கிட்ட," என்றார் அண்ணனும் மருந்துக்கடைக்காரரைப் பார்த்து. "என் சமையலறைச் சுவரை வந்து பார்க்கச் சொல்லுங்க. மூணு வருஷமா பச்சை பிடிச்சுக் கிடக்கு."

"மூணு வருஷமா ஏன் சொல்லலைன்னு கேளுங்க!"

"யார்கிட்டச் சொல்றது? சுவத்துக்கிட்டயா?"

மருந்துக்கடைக்காரர் டென்னிஸ் பார்க்கிறவர் மாதிரி இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பினார். "நான் கார் ஓட்டப் பழக வந்தேனுங்க" என்றார் பாவமாக.

அண்ணன் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து நேராகத் தம்பியைப் பார்த்தார்.

"வீட்டை விக்கலையாடா நீ?"

தம்பிக்கு அந்த 'டா' காதில் விழுந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. "எந்த வீட்டை?"

"மாடியை. பெயிண்ட் அடிக்கற, கைப்பிடி போடற, அளவு எடுக்கற. காலடிச் சத்தம் கேக்கல. ரேடியோ கேக்கல. ஆள் போயிட்ட மாதிரி இருக்கு. எதுக்கு இதெல்லாம்?"

"உங்ககிட்டப் பேசறதுக்குத்தான்."

"என்னது?"

"உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு இருந்தேன். சத்தம் போட்டுட்டு எப்படிப் பேசறதுன்னு..." அதற்கு மேல் சொன்னால் அவனுக்கே அசடு வழிகிறது போலிருந்தது. நிறுத்திக்கொண்டான்.

அண்ணி ஜன்னலில் நின்றிருந்தாள். தம்பி மனைவியும் மகளும் மாடி விளிம்பில் நின்றிருந்தார்கள். அண்ணன் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"பேசறதுக்கு இத்தனை நாளா?" என்றார். பிறகு, கேட்கப் போகிறோம் என்று அவருக்கே தெரியாமல், "அன்னிக்கு ஒரு நிமிஷத்துல இறங்கி வந்திருக்கலாம். ஏண்டா எழுப்பலே என்னை?" என்றார்.

தம்பி இரண்டு படி இறங்கி வந்தான். "அப்பாதான் வேண்டாம்னார். ராத்திரி பூரா வேலை பார்த்துட்டுப் படுத்திருக்கான், எழுப்பாதேன்னார்."

"அவர் எப்ப வேணும்னு சொல்லியிருக்கார்? தண்ணி வேணுமான்னா வேண்டாம்பார். டாக்டர் வேணுமான்னா வேண்டாம்பார். அவர் சொன்னா நீ கேக்கறதா? எழுப்பியிருக்கணும்டா."

"ஆமாண்ணா," என்றான் தம்பி. "எழுப்பியிருக்கணும்."

அண்ணன் பதிலுக்கு ஏதோ பெரிதாகத் தயார் செய்து வைத்திருந்தவர்போல் வாயைத் திறந்தார். ஆமாம் என்று ஒருவன் சொல்லிவிட்டால் அதன் பிறகு எதைச் சொல்லிச் சண்டை போடுவது? திறந்த வாயை மூடிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மூக்கைத் துடைப்பது போல நெடுநேரம் துடைத்தார்.

"இவரை நிக்க வெச்சிருக்கியே," என்றார் கடைசியில், மருந்துக்கடைக்காரரைக் காட்டி. "போய் ஓட்டக் கத்துக்குடு. வந்ததும் அந்தச் சுவரைப் பாரு. நான் பொய் சொல்லல. நிஜமாவே ஒழுகுது."

அன்றைக்கு மருந்துக்கடைக்காரர் பள்ளிக்கூடச் சுவரோரம் இருந்த பூச்செடித் தொட்டி ஒன்றை இடித்தார். மாஸ்டர் கவனிக்கவே இல்லை.

சுவர் நிஜமாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. மாடிக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே விரிசல் விட்டு, கீழ்ச் சமையலறையில் ஒரு வரைபடம் மாதிரி ஓதம் படர்ந்திருந்தது. பிளம்பர் வந்து பார்த்து, சுவரை உடைக்காமல் முடியாது என்றார். உடைத்தார்கள். அந்த இரண்டு வாரமும் வீட்டில் சிமெண்ட் தூசியும் சண்டையும்தான். இரும்புக் குழாய் போடவேண்டும் என்றார் அண்ணன். இந்தக் காலத்தில் யார் இரும்பு போடுவார்கள், பிளாஸ்டிக்தான் என்றான் தம்பி. "உனக்குக் காரைத் தவிர என்ன தெரியும்?" "உங்களுக்கு அடுப்பைத் தவிர என்ன தெரியும்?" பிளம்பர் இரண்டு பேரையும் வெளியே போகச்சொல்லிவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் போட்டார். கொடியருகே அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "பேசாம இருந்தப்பவே நிம்மதியா இருந்துச்சும்மா." தம்பி மனைவிக்கும் குறை இருந்தது. பேசவேண்டும் என்ற எண்ணம் நிறைவேறியதோடு புருஷனுடைய நல்ல பழக்கங்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டன. காலை டீ நின்றது. சேலை மடிப்பது நின்றது. சிகரெட் மட்டும் பழையபடி ஏறவில்லை. அதற்காகவாவது அந்த ஏழு வருஷத்துக்கு நன்றி சொல்லலாம் என்றாள்.

வேலை முடிந்த அன்று பிளம்பர், "மேலேயும் கீழேயும் ஒரு தடவை பார்த்துச் சரின்னு சொல்லிடுங்க" என்றார். கீழே பார்த்தாகிவிட்டது. மேலே பார்க்க அண்ணன் வரவேண்டும். அப்பா இறந்த அன்றைக்கு ஏறியவர், அதன் பிறகு மாடிக்கு வந்ததே இல்லை.

ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், சுவரைக் கையால் தடவினார். "பிளாஸ்டிக்கும் பரவாயில்ல" என்றார். திரும்பும்போது பக்கத்து அறை வாசலில் கால் நின்றுவிட்டது. இப்போது அது மகளின் அறை. மேசை முழுக்கப் புத்தகங்கள், சுவரில் அவள் ஒட்டிய படங்கள், ஜன்னலில் நீலத்திரை.

"உள்ள வாங்க" என்றான் தம்பி.

அண்ணன் உள்ளே வந்து நின்றார். அறையைச் சுற்றிப் பார்த்தார். "கட்டில் எங்க கிடந்தது? மறந்தே போச்சு."

"இங்க. ஜன்னலை ஒட்டி."

"தலை எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம். முதல்ல அந்தப் பக்கம் இருந்தது. வெளிச்சம் மூஞ்சில அடிக்குதுன்னு சொன்னார், மாத்திப் போட்டோம்."

அண்ணன் மகளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தம்பி மேசை நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"எழுப்பாதேன்னாரே, அதுக்கு முன்னாடி என்ன சொன்னார்?"

"நீங்க வந்துட்டீங்களான்னு கேட்டார். வந்து படுத்தாச்சுன்னேன். கேட் சத்தம் கேக்கலையேன்னார்."

"நான் மெதுவாத்தான் சாத்துவேன். அவர் தூங்கறாரேன்னு." அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அன்னிக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தேனே?"

"கொடுத்திருந்தீங்க. சாப்பிட்டார்."

"சாப்பிட்டாரா?" அண்ணன் நிமிர்ந்தார். இத்தனை வருஷமும் அவருக்குத் தெரியாத ஒன்று அது. "எவ்வளவு?"

"ஓரத்தை எடுத்துட்டு நடுவுல மட்டும் கேட்டார். வெந்நீர்ல நனைச்சுக் கொடுத்தேன். பாதிக்கு மேல சாப்பிட்டார்."

"நல்லா இருந்துச்சுன்னாரா?"

தம்பி தயங்கினான். பிறகு உள்ளதையே சொன்னான். "உப்பு கம்மின்னார்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் உதட்டில், பிறகு தோள் குலுங்க. "முப்பது வருஷமா அதையேதான் சொன்னார். ஊரே வாங்கித் திங்கற ரொட்டி, அவருக்கு மட்டும் உப்பு கம்மி." சிரித்துக்கொண்டே துண்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள் கல்லூரியிலிருந்து வந்தவள் வாசலில் பையோடு நின்றாள். தன் கட்டிலில் பெரியப்பா உட்கார்ந்திருப்பதையும், எதிரே அப்பா உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள். உள்ளே வராமல் சமையலறைப் பக்கம் போய் அம்மாவிடம் இரண்டு விரலைக் காட்டினாள். அம்மா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

அண்ணன் ஜன்னல் திரையை ஒதுக்கி வெளியே பார்த்தார். சாயங்கால வெளிச்சம் அறைக்குள் வந்து தரையில் விழுந்தது. அவர் மறுபடி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார், காலை வசதியாக நீட்டிக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.

தம்பி சொல்ல ஆரம்பித்தான்.